வலமிருந்து இடமாக எழுதிய உபதேசியார்

அரியலூர் ஸ்டேஷனில் திருச்சி வண்டிக்காகக் காத்திருந்தபோதுதான் செய்தி வந்தது. பெரம்பலூர் பஸ்ஸில் வந்து இறங்கிய ஒருவர் பிளாட்பாரத்தில் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். குரும்பலூர்ச் சபையைச் சேர்ந்தவர். முகம் தெரியும், பெயர் நினைவில்லை. துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, "உபதேசியாரு போயிட்டாருங்க சார். காலையில ஏழு மணி இருக்கும்" என்றார்.

"யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"நானே பாத்துட்டுத்தாங்க வரேன்."

"மூச்சு நின்றதை யார் பார்த்தது? டாக்டர் வந்தாரா? பதினைந்து நாள் காய்ச்சலில் கிடந்தவர், மயக்கமாக இருக்கலாமே?"

"குளிப்பாட்டியாச்சுங்க சார்" என்றார்.

சாவுச் செய்தியையே மூன்று முறை விசாரித்த பிறகுதான் நம்புகிறவன் நான். இது என் பிறவிக் குணம். மாசிலாமணி உபதேசியாரை அறிந்த உங்களில் பலருக்கு என்னையும் தெரியும். அந்தக் குணத்தால் யாரையும்விட அதிகமாக அடிபட்டவர் அவர்தான் என்பதும் சிலருக்குத் தெரியும். அவரைப் பற்றி எழுதும்படி சபையார் என்னிடம் கேட்டபோது, வேண்டுமென்றே என்னிடம் கேட்கிறார்களோ என்றுதான் முதலில் தோன்றியது. அப்படியே இருந்தாலும் கேட்டது சரிதான். எழுத வேண்டியவன் நான்தான்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். குரும்பலூரை அடுத்த சேரிச் சபைக்கு அவர் முப்பது வருடமாக உபதேசியார். பாதிரியார் மாதம் ஒரு முறை வருவார். மற்ற நாட்களில் ஜெபம் நடத்துவது, வேதம் வாசிப்பது, நோயாளிகளைப் பார்ப்பது, பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருவது எல்லாம் உபதேசியார் வேலை. நான் பெரம்பலூர் மிஷன் பள்ளியின் தலைமையாசிரியன். சபைக் கமிட்டிக்குச் செயலாளன். என் குடும்பத்தைப் போன்ற குடும்பங்களின் நிலங்களில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்களாக இருந்தவர்கள் அவருடைய முன்னோர். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் மற்றது விளங்காது.

ஐரோப்பாவில் யுத்தம் தொடங்கியதும், இங்கே நெடுநாள் இருந்த வெள்ளைக்காரப் பாதிரியார் ஊர் திரும்பினார். பங்களாவில் அவர் விட்டுப்போன சாமான்களைப் பிரித்துக்கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. நாற்காலி, விளக்கு, கொசுவலை எல்லாம் ஒரே நாளில் போய்விட்டன. அலமாரியின் அடித்தட்டில் இரண்டு தடித்த புத்தகங்கள் மிஞ்சின. ஒன்றின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. ஒன்று எபிரெய மொழியில் இருந்த பழைய ஏற்பாடு. மற்றது அந்த மொழியின் இலக்கணம், ஆங்கிலத்தில். மாசிலாமணி வாசலில் நின்று, "அந்த ரெண்டையும் நான் எடுத்துக்கட்டுமாங்க சார்?" என்றார்.

"உமக்கெதற்கு? இது யூதருடைய பாஷை. எழுத்தே வேறு."

"தெரியுங்க. நமக்குச் சொன்னது அங்க இருக்கான்னு பாக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. சபையில் இருபது வருடம் தமிழில் வேதம் வாசித்த மனிதர், தாம் வாசித்தது சரிதானா என்று மூலத்தில் போய்ப் பார்க்கப் போகிறாராம். யார் மேல் சந்தேகம் இவருக்கு? மொழிபெயர்த்தவர்கள் மேலா, எங்கள் மேலா? புத்தகங்களைக் கொடுத்தேன். கடைக்காரன் பொட்டலம் கட்டத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டு கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவர் ஒரு காகிதத்தோடு பள்ளிக்கு வந்தார். இலக்கணப் புத்தகத்தில் அவருக்குப் புரியாத ஆங்கிலச் சொற்கள் பதினாறு, பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. பொருள் சொன்னேன். அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தார். எட்டாவது வரை படித்தவர். வேற்றுமை என்றால் என்ன, வேர்ச்சொல் என்றால் என்ன என்று நான் சொல்லச் சொல்ல நின்றுகொண்டே எழுதிக்கொள்வார். நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லி நானும் சொல்லவில்லை.

ஒரு நாள், தொண்டையின் அடியிலிருந்து எழும் எழுத்துகள் என்று ஒரு பகுதி. ஐரோப்பியருக்கு அந்த ஒலி வராது, அராபியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று புத்தகக்காரர் எழுதியிருந்தார். "அராபியருக்கு நான் எங்கீங்க போவேன்?" என்றார் மாசிலாமணி. நான் விளையாட்டாக, "பள்ளிவாசலில் போய்க் கேளும்" என்றேன். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். அனுப்பியவன் நான்தான்.

அவர் நிஜமாகவே போய்விட்டார். பெரம்பலூர்ப் பள்ளிவாசலில் அப்போது அரபி சொல்லிக்கொடுத்து வந்தவர் அப்துல் காதர் ஹஜ்ரத். என் வயதுக்காரர், கடுமையான மனிதர் என்று பெயர். அன்று நடந்ததை ஹஜ்ரத்தே பின்னாளில் எனக்குச் சொன்னார்.

"வேதக்காரங்க எங்க தெருவுக்கு வந்தா ரெண்டு காரணம்தான் சார். நோட்டீஸ் குடுக்க வருவாங்க, இல்லே வாதம் பண்ண வருவாங்க. நீங்க எதுக்கு வந்தீங்கன்னு கேட்டேன். தொண்டைக்குங்கன்னாரு. நான் மருந்து கேக்குறாருன்னு நெனச்சு, சித்தரத்தை வச்சுக்குங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

மறு வாரமும் அவர் போய் நின்றிருக்கிறார், புத்தகத்தோடு. ஹஜ்ரத் எழுத்துகளைப் பார்க்கவில்லை. பெயர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். ஆலெஃப், பேத், கீமெல், தாலெத் என்று மாசிலாமணி சொல்ல, "அலிஃப், பே, ஜீம், தால்" என்று ஹஜ்ரத் தம்மையறியாமல் கூடவே சொன்னாராம். அதன் பிறகும் ஹஜ்ரத்துக்குச் சந்தேகம் போகவில்லை. தம்மை மதம் மாற்ற இது ஒரு புது வழியோ என்று ஆறு மாதம் யோசித்ததாகச் சொன்னார். ஆனாலும் வியாழக்கிழமைகளில் பாய் விரித்து வைத்தார்.

வியாழக்கிழமை தவறாமல் பள்ளிவாசல் தெருவுக்குப் போகும் உபதேசியாரைப் பற்றி ஊர் என்ன பேசும்? இஸ்லாத்தில் சேரப் போகிறார் என்று எங்கள் பக்கம் பேசினார்கள். ஹஜ்ரத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்கப் போகிறார்கள் என்று அந்தப் பக்கம் பேச்சு. விளையாட்டாக அனுப்பியவன் நான் என்பது யாருக்கும் தெரியாது. எனக்கே மறந்துவிட்டது, அல்லது மறக்க வசதியாக இருந்தது. ஒரு வியாழக்கிழமை நான் அவருக்குப் பின்னாலேயே போனேன். ஹஜ்ரத் வீட்டுக்கு எதிரே அவிழ்த்துவிட்டிருந்த கட்டை வண்டிகளின் மறைவில் நின்றேன். உள்ளேயிருந்து இரண்டு பெரிய மனிதர்கள், ஒருவர் மாற்றி ஒருவர், வாந்தி எடுக்கப் போகிறவர்களைப் போலக் கத்திக்கொண்டிருந்தார்கள். "அயின்" என்பார் ஒருவர். "அயின்" என்பார் மற்றவர். "இல்லே, இன்னும் கீழேருந்து." மறுபடியும் "அயின்." அரை மணி நேரம் அந்த ஓர் எழுத்துதான். இதைக் கேட்ட எவனும் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். நானோ, யாராவது ஒட்டுக்கேட்பார்கள் என்றுதான் இப்படி நடிக்கிறார்கள் என்று எண்ணினேன்.

அந்தச் சமயத்தில்தான் ஜப்பான்காரன் வரப்போகிறான் என்ற பயம். பட்டணத்திலிருந்து ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டு ஊர்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஏட்டு ஒருவர் பள்ளிக்கு வந்து, அந்நிய எழுத்தில் துண்டுக் காகிதம் எது கிடைத்தாலும் தகவல் தரும்படி சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு போலீசுக்கு ஒரு கடிதம் எழுதினேன். குரும்பலூர் உபதேசியார் வலமிருந்து இடமாக ஒரு மர்ம எழுத்தை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வருகிறார், வாரந்தோறும் பள்ளிவாசல் தெருவுக்கு எடுத்துச் செல்கிறார், விசாரிக்கவும். இடது கையால் எழுதினேன். கையெழுத்துப் போடவில்லை.

இதை முதல் முறையாக உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

அவரை அழைத்துப் போய்ப் பெரம்பலூர் போலீஸ் ஸ்டேஷனில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். நோட்டுகளைப் பறிமுதல் செய்தார்கள். அது என்ன எழுத்து என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. படித்தவர் யார் என்று பார்த்து, கடைசியில் என்னையே கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது மாசிலாமணி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. சார் வந்துவிட்டார், சொல்லிவிடுவார் என்ற நிம்மதி.

ஏட்டு நோட்டைப் பிரித்து என் முன் வைத்தார். "ஜப்பான் எழுத்து மேலேருந்து கீழ போகும்னு சொல்றாங்க சார். இது வலதுலேருந்து இடது போகுது. இது என்னா எழுத்து, சொல்லுங்க."

"இந்த எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன்.

பொய் இல்லை. எனக்கு வாசிக்கத் தெரியாதுதான். என்ன எழுத்து என்பது மட்டும் நன்றாகத் தெரியும். மாசிலாமணி மெதுவாக மறுபடியும் உட்கார்ந்தார்.

அவரை வெளியே கொண்டுவந்தவர் ஹஜ்ரத். யாரும் கூப்பிடாமல் அவரே ஸ்டேஷனுக்கு வந்தார். "இது மூசா நபியோட ஜனங்க எழுத்துங்க. இவருக்கு உச்சரிப்புச் சொல்லிக்குடுக்குறது நான்தான். உள்ள வைக்கணும்னா என்னையும் சேத்து வைங்க" என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஜப்பான்காரனோடு பள்ளிவாசல் ஹஜ்ரத்தையும் சேர்த்து மேலதிகாரிக்கு எழுத ஏட்டுக்குத் தைரியம் இல்லை. அன்று பிற்பகல் மாசிலாமணியை விட்டுவிட்டார்கள். நோட்டுகளைப் பரிசோதனைக்காகத் திருச்சிக்கு அனுப்பினார்கள். அவை திரும்பவே இல்லை.

போலீஸ் விட்டாலும் சபை விடவில்லை. கமிட்டி கூடியது. குற்றச்சாட்டை வாசித்தவன் செயலாளனாகிய நான். ஒன்று, அந்நிய மார்க்கத்தாரோடு அனுமதியின்றிப் பழகியது. இரண்டு, வேதவார்த்தையைத் திருத்த முயன்றது. கமிட்டித் தலைவர் பெரிய நிலக்காரர். "உபதேசியாரே, எதைத் திருத்தினீரு? சொல்லும்" என்றார்.

"திருத்தலைங்க. ஒண்ணு கேட்டேன், அவ்வளவுதான்."

"என்ன கேட்டீரு?"

மாசிலாமணி கைகட்டி நின்றுகொண்டே சொன்னார். "எபெத்னு அங்க ஒரு சொல்லு இருக்குதுங்க. மோசேயைப் பத்திப் பேசுறப்ப அதைத் தமிழ்ல தாசன்னு போட்டிருக்காங்க. பார்வோன் அரமனையில இருக்குறவங்களுக்கு வந்தா ஊழியக்காரர்னு போட்டிருக்காங்க. எகிப்துல செங்கல் அறுத்த ஜனத்துக்கு வந்தா அடிமைன்னு போட்டிருக்காங்க. மூணு எடத்துலயும் அங்க ஒரே சொல்லுதாங்க. இன்னொண்ணு. பார்வோனுக்கு அவங்க செஞ்ச வேலைக்கும், ஆண்டவருக்குச் செய்யப் போன ஆராதனைக்கும்கூட அங்க அதே வேருதான். ஹஜ்ரத்தைக் கேட்டேன். அரபியிலயும் அப்படித்தானாம். அப்துன்னா அடிமை, இபாதத்துன்னா வணக்கம். என் பேருலயே இருக்குதேன்னாரு. தமிழ்ல மட்டும் ஆளப் பாத்துச் சொல்லு ஏன் மாறுதுங்க?"

வெளியே தலைவரின் வில்வண்டி மாடுகள் மணியை ஆட்டிக்கொண்டிருந்தன.

"மொழிபெயர்த்தவங்க எல்லாம் உம்மைவிடப் படிச்சவங்க" என்றார் தலைவர்.

"ஆமாங்க. அவங்க தப்புன்னு நான் சொல்லலை. ஏன்னு கேக்குறேன்."

"அந்த ஏன்தான் வேணாங்கிறேன்."

ஒரு வருடத்துக்கு அவர் பிரசங்கம் செய்யக் கூடாது, வேதபாகத்தை வாசிக்க மட்டும் செய்யலாம் என்று தீர்மானமாயிற்று. தீர்மானத்தை எழுதியவன் நான். அவர் கீழ்ப்படிகிறாரா என்று பார்த்துக் கமிட்டிக்குச் சொல்ல வேண்டியவனும் நானே. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை குரும்பலூருக்குப் போய்ச் சேரிக் கோயிலின் பின்வரிசையில் உட்கார்ந்தேன். எகிப்தைப் பற்றிய பகுதியை வாசித்தார். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆனால் அடிமை என்று வரும் இடத்தில் ஒரு மூச்சு நேரம் நிறுத்தினார். ஊழியக்காரர் என்று வந்தபோதும் அதே போல் நிறுத்தினார். தாசன் என்று வந்தபோதும். நிறுத்திய ஒவ்வொரு முறையும் முன்வரிசையில் இருந்த ஆண்களும் பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்தது. வாசிப்பில் நிறுத்தினார் என்று எந்தக் கமிட்டிக்கு எழுத முடியும்? எழுதாமல் வந்துவிட்டேன். சபை விஷயத்தில் நான் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.

ஆச்சரியம் என்னவென்றால், சனிக்கிழமைகளில் அவர் என்னிடம் வருவது நிற்கவே இல்லை. ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்த அதே வாரம், புதுக் காகிதத்தில் ஒன்பது சொற்களோடு வந்தார். இவர் எதற்காக வருகிறார், என்னை வேவு பார்க்கிறாரா என்று மாதக்கணக்கில் குழம்பினேன். பொருள் சொல்லிக்கொண்டே அவர் முகத்தை ஆராய்வேன். ஒன்றும் அகப்படாது.

யுத்தம் முடிந்த மறு வருடம் என் மனைவி இறந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் வேதவசனம் சொல்லித் தேற்றினார்கள். ஒவ்வொருவரும் எந்த மனதோடு சொல்கிறார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். மாசிலாமணி எட்டு நாள் தொடர்ந்து வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கரையான் தின்ற புத்தகத்திலிருந்து வேதப் பாட்டான ஒரு சங்கீதத்தை எபிரெயத்தில் வாசிப்பார். கரடுமுரடான ஒலி, நடுநடுவே ஹஜ்ரத்தின் தொண்டை. மூன்றாம் நாள், "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்டேன். "இன்னிக்கு அர்த்தம் வேணாங்க சார். சத்தம் போதும்" என்றார். அன்றுதான் நான் அழுதேன்.

எட்டாம் நாள் அவர் புறப்பட எழுந்தபோது என்னால் தாங்க முடியவில்லை. "மாசிலாமணி, போலீசுக்கு அந்தக் கடிதத்தை எழுதியவன் நான்" என்றேன்.

"தெரியுங்க சார்."

"எப்படித் தெரியும்?"

"ஏட்டையா காட்டுனாரு. ஒரு ஒற்றுப் பிழைகூட இல்லாம மொட்டைக் கடுதாசி எழுத இந்தத் தாலுகாவுல வேற யாரு இருக்கா?"

"அப்போதே கேட்டிருக்கலாமே?" என்றேன், சற்றுக் கோபமாகக்கூட.

"கேட்டா இல்லேன்னு சொல்லியிருப்பீங்க. ஒரு தப்பு ரெண்டா ஆயிருக்கும்." மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நானும் ஒண்ணு சொல்லிடுறேங்க. நீங்க சொல்ற இங்கிலீஷ் அர்த்தமெல்லாம் சரிதானான்னு போஸ்ட் மாஸ்டர்கிட்ட ஒரு தரம் கேட்டுக்குவேன். இத்தனை வருஷமும்."

"தப்பாக ஏதாவது சொல்லியிருந்தேனா?"

"ஒண்ணுகூட இல்லீங்க. அதான் வந்துட்டே இருந்தேன்."

அவர் என்னை மன்னித்தாரா என்று கேட்காதீர்கள். அந்தச் சொல்லை அவர் உபயோகிக்கவில்லை. நான் எழுந்து போய் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்கார்ந்தார். காப்பி வந்தது, குடித்தோம்.

போன வருடம், பாலஸ்தீனத்தில் யூதருக்கு ஒரு நாடு ஏற்பட்டதும் சண்டை மூண்டதும் பத்திரிகைகளில் வந்தன. அங்கே கடைத்தெருவில்கூட எபிரெயம் பேசுகிறார்கள் என்று ஒரு செய்தி. நான் அதைக் காட்டியதும் மாசிலாமணி நெடுநேரம் நம்பவில்லை. "அரிசி வாங்கவா? பஸ்ஸ நிறுத்தச் சொல்லவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "வேலைக்காரனை அங்க என்ன சொல்லி கூப்பிடுறாங்களாம்?" என்றார். பத்திரிகையில் அது இல்லை. பள்ளிவாசல் தெருவிலோ வேறு பேச்சு. வீடிழந்து ஓடும் அரபி ஜனங்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் ஹஜ்ரத்திடம் போய், அந்த பாஷைக்கு இன்னமும் பாய் விரிக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். நான்கு வியாழக்கிழமைகள் மாசிலாமணி போகவில்லை. போய் நிற்க அவருக்கே கூச்சமாக இருந்தது. ஐந்தாம் வாரம் ஹஜ்ரத் குதிரை வண்டி பிடித்துக் குரும்பலூருக்கு வந்துவிட்டார். சேரியில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. "அந்த நாட்டுச் சண்டைய நம்ம பாயில கொண்டாந்து உக்கார வைக்க வேணாம். எனக்கு மனசு கஷ்டமாத்தான் இருக்கு. கஷ்டத்தோடயே படிப்போம்" என்றாராம். அன்று பாடம் மாசிலாமணி வீட்டில் நடந்தது.

அடக்கத்துக்கு நான் போய்ச் சேர்ந்துவிட்டேன். திருச்சி வண்டியை விட்டுவிட்டு வந்த பஸ்ஸிலேயே திரும்பினேன். ஹஜ்ரத் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னால் கமிட்டியார் என்ன நினைப்பார்களோ என்று ஒரு கணம் என் புத்தி போயிற்று. அந்தக் கணத்தையும் மறைக்காமல் எழுதுகிறேன். பிறகு போய் அவர் கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

ஒரு வாரம் கழித்து மாசிலாமணியின் மனைவி சலோமி என்னைக் கூப்பிட்டனுப்பினார். அவர் முன்னால் மூன்று நோட்டுகள் இருந்தன, எல்லாம் அந்த எழுத்து. பழையவற்றைப் போலீஸ் கொண்டுபோன பிறகு மாசிலாமணி புதிதாக எழுதியவை.

"சார், ஒங்கள ஒண்ணு கேக்கணும். இத்தனை வருசமா இதுல என்னதாங்க எழுதுனாரு? வேதம்னாரு. நெசமா வேதந்தானா? எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு என்கிட்ட வேற எதையும் மறைச்சாரா? செத்தவரைச் சந்தேகப்படுறது பாவம்தான். ஆனா எனக்குத் தெரிஞ்சாகணும்."

எனக்கு வாசிக்கத் தெரியாது என்று இந்த முறை சொல்ல முடியவில்லை. ஹஜ்ரத்துக்கு ஒலி தெரியும், எழுத்து சரியாகத் தெரியாது. எனக்கு ஒலி வராது. ஆனால் இலக்கணப் புத்தகத்தின் எழுத்து அட்டவணையை ஆங்கிலத்தில் பார்க்கத் தெரியும். இருவரும் சேர்ந்து அவர் வீட்டிலேயே முதல் நோட்டைப் பிரித்தோம். நான் அட்டவணையோடு ஒப்பிட்டு எழுத்தின் பெயரைச் சொல்வேன், ஹஜ்ரத் ஒலியைச் சொல்வார். முதல் வரியில் ஒரே ஒரு சொல். கோஃப், ரேஷ், பே, ஆலெஃப், யோத். புத்தகத்தின் கடைசியில் இருந்த சொற்பட்டியல் முழுவதும் தேடினோம். அப்படி ஒரு வேரே இல்லை. ஹஜ்ரத் அரபியில் தேடினார், அங்கும் இல்லை. தப்பாக எழுதிவிட்டாரோ என்று எனக்குச் சந்தேகம். அடுத்த வாரமும் அதே சொல்லில் உட்கார்ந்தோம். இந்த எழுத்தில் உயிரொலி முழுதாகத் தெரியாது, நாமே போட்டுப் பார்க்க வேண்டும். ஹஜ்ரத் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கிரிபை. கரபாய். கருபாயி.

அடுப்பங்கரையிலிருந்து சலோமி வெளியே வந்தார். "யாருங்க எங்க மாமியாரைக் கூப்பிடுறது?"

ஹஜ்ரத் நோட்டில் அந்தச் சொல்லைத் தொட்டுக் காட்டினார்.

"கருப்பாயிங்கிறது எங்க மாமியா பேருங்க. அவரோட அம்மா. சபையில சேராமலே செத்துப்போனவங்க."

எங்கள் சபைப் பதிவேட்டில் அந்தப் பெயர் இல்லை. பண்ணையாளாகப் பிறந்து பண்ணையாளாக இறந்த அந்த அம்மாளின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருந்திருக்க வழியில்லை. இரண்டாவது வரியை எழுத்துக் கூட்டினோம். மூக்கன். அவருடைய அப்பா என்றார் சலோமி. மூன்றாவது, சின்னப்பொண்ணு. அது யார் என்று சலோமிக்கும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கிழவரை அழைத்து வந்து கேட்டோம். பஞ்சத்தில் போன அத்தை என்றார் அவர். நான்கு பக்கம் முழுக்கப் பெயர்கள். அதன் பிறகுதான் வேதம் தொடங்குகிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வியாழக்கிழமைகள். இன்னும் கிட்டத்தட்ட மூன்று நோட்டும் மிச்சம் இருக்கிறது. வாரத்துக்கு அரைப் பக்கம் வாசிக்கிறோம். சலோமி அம்மாள் எதிரே உட்கார்ந்து, நாங்கள் சரியாக வாசிக்கிறோமா என்று கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.